தெரியாத குவாண்டம் ஸ்டேட்டை கொஞ்சமா அளந்தே பிடிக்கிறது எப்படி?

2005ல ஆஸ்திரியாவுல இன்ஸ்ப்ரூக்ல ஒரு டீம் எட்டே எட்டு கால்சியம் அயனியை வரிசையா பிடிச்சு வெச்சு, எட்டையும் சேர்த்து டபிள்யூ ஸ்டேட்னு ஒரு பின்னிப்பிணைஞ்ச நிலைக்கு, அதாவது ஒண்ணை விட்டு இன்னொண்ணை தனியா விவரிக்க முடியாத நிலைக்கு கொண்டு வந்தாங்க. சரி, கொண்டு வந்தாச்சு, ஆனா நிஜமாவே அந்த ஸ்டேட்தான் வந்திருக்குனு எப்படி நம்புறது? அளந்துதான் பாக்கணும். எத்தனை விதமா அளந்தாங்கன்னா 6,561 விதமா, ஒவ்வொரு விதமும் 100 தடவை, ஆக மொத்தம் 6,56,100 தடவை அதே ஸ்டேட்டை உருவாக்கி, அளந்து, அளந்ததுல அது அழிஞ்சு போக, மறுபடி உருவாக்கி மறுபடி அளந்து... சுமார் பத்து மணி நேரம் ஓடுச்சு. அதுக்கப்புறம் அந்த டேட்டாவை வெச்சு கம்ப்யூட்டர்ல ஸ்டேட்டை கண்டுபிடிக்க வாரக்கணக்கு. இங்க ஒவ்வொரு அயனியும் ஒரு க்யூபிட், அதாவது குவாண்டம் கம்ப்யூட்டரோட அடிப்படை அலகு, எட்டு க்யூபிட்டுக்கே இந்தப் பாடு.

இப்ப பெரிய மெஷின்கள்ல நூத்துக்கும் மேல க்யூபிட் இருக்கு, அதையெல்லாம் இந்த மாதிரி அளக்க முடியுமான்னா வாய்ப்பே இல்ல. அப்போ என்னதான் பண்றாங்க? அதைத்தான் இங்க எழுதறேன், கணக்கு கொஞ்சம் வரும், ஆனா கூட்டல் பெருக்கல் தாண்டி பெருசா எதுவும் இல்ல, பயப்படாம வாங்க.

முதல்ல ஒரே ஒரு க்யூபிட்ல ஆரம்பிக்கலாம். ஒரு க்யூபிட்டோட நிலையை சொல்ல மூணு நம்பர் போதும், எக்ஸ் ஒய் இசட்னு மூணு திசை, ஒவ்வொரு திசையிலயும் அது எவ்வளவு சாய்ஞ்சிருக்குங்கறதுதான் அந்த நம்பர். பிரச்சனை என்னன்னா க்யூபிட்கிட்ட போய் "நீ இசட் பக்கம் எவ்வளவு சாய்ஞ்சிருக்க"ன்னு கேட்டா அது 0.74ன்னு பதில் சொல்லாது. பிளஸ் ஒண்ணு, இல்ல மைனஸ் ஒண்ணு, அவ்வளவுதான் பதில். அதுவும் ஒரு தடவைதான் கேக்க முடியும், கேட்டதும் பழைய நிலை போயிடும், அடுத்து எக்ஸ் பக்கம் கேட்டா கிடைக்கிற பதிலுக்கும் பழைய நிலைக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டு கேக்கலாமேன்னா அதுவும் முடியாது, தெரியாத ஸ்டேட்டை காப்பி எடுக்கவே முடியாதுன்னு 1982லயே நிரூபிச்சுட்டாங்க. அதனால ஒரே வழி, ஸ்டேட்டை உருவாக்குற மெஷினையே திரும்பத் திரும்ப ஓட விட்டு புதுசு புதுசா வாங்கி அளக்கறது. அப்படி வர்ற ஒவ்வொண்ணையும்தான் கீழ "காப்பி"ன்னு சொல்லப்போறேன், ஜெராக்ஸ்னு நினைச்சுடாதீங்க.

இப்ப 1000 காப்பியை இசட் பக்கம் அளந்தோம்னு வைங்க, 870 தடவை பிளஸ், 130 தடவை மைனஸ். கழிச்சு ஆயிரத்தால வகுத்தா 0.74. இன்னொரு 1000 காப்பியை எக்ஸ் பக்கம் அளந்தோம், 850 பிளஸ், 150 மைனஸ், அதாவது 0.70. ஒய் பக்கம் சரிபாதி, பூஜ்யம். மூணு நம்பர் வந்துடுச்சு, வேலை முடிஞ்சதா? இல்ல, இங்கதான் ஒரு வேடிக்கை. இந்த மூணு நம்பரோட வர்க்கங்களை கூட்டினா ஒண்ணை தாண்டக்கூடாதுங்கறது குவாண்டம் விதி. நம்ம கணக்குல 0.5476ம் 0.49ம் சேர்ந்து 1.0376. அப்படி ஒரு ஸ்டேட் உலகத்துலயே கிடையாது! யாரும் தப்பு பண்ணல, ஆயிரம் தடவை சுண்டின காசுல கொஞ்சம் முன்னப்பின்ன வர்றது சகஜம்தானே, அந்த ஏத்த இறக்கம்தான் இது. அதனால டேட்டாவை அப்படியே எடுத்துக்காம "இந்த டேட்டா வர அதிக வாய்ப்பிருக்கற நியாயமான ஸ்டேட் எது"ன்னு தேடுவாங்க. இன்ஸ்ப்ரூக் கதையில கம்ப்யூட்டர் நேரத்தை சாப்பிட்டது இந்த மாதிரி வேலைதான்.

இந்த மொத்த முறைக்கும் பேரு குவாண்டம் ஸ்டேட் டோமோகிராஃபி. சிடி ஸ்கேன்ல வர்ற அதே டோமோகிராஃபிதான், பல கோணத்துல படம் எடுத்து உள்ள இருக்கறதை கணக்கு போட்டு கண்டுபிடிக்கறது.

ஒரு க்யூபிட்டுக்கு மூணு நம்பர்னா ரெண்டு க்யூபிட்டுக்கு ஆறுன்னு தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா 15. ஏன்னா ரெண்டையும் தனித்தனியா கேட்டா மட்டும் போதாது, சேர்த்தும் கேக்கணும். பெல் ஸ்டேட்னு ஒண்ணு இருக்கு, அதுல முதல் க்யூபிட்டை எந்தப் பக்கம் அளந்தாலும் பாதி பிளஸ் பாதி மைனஸ், ரெண்டாவதும் அப்படியே, தனித்தனியா பார்த்தா ரெண்டும் வெறும் சத்தம், அதாவது அர்த்தமில்லாத நாய்ஸ். ஆனா ரெண்டையும் இசட் பக்கம் அளந்து பதில்களை பெருக்கினா எப்பவும் பிளஸ் ஒண்ணு. எக்ஸ் பக்கமும் அப்படியே. விஷயம் பூரா அந்த உறவுலதான் ஒளிஞ்சிருக்கு. அதனால ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் "எக்ஸா, ஒய்யா, இசட்டா, இல்ல இதை கண்டுக்க வேணாமா"ன்னு நாலு சாய்ஸ், எல்லா சேர்க்கையும் ஒரு கேள்வி, எதையுமே கண்டுக்காத ஒண்ணை மட்டும் கழிச்சுட்டா ரெண்டு க்யூபிட்டுக்கு 15, எட்டுக்கு 65,535, பத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல. இந்த கேள்விகளை பாலி கேள்விகள்னு சொல்வாங்க, வுல்ஃப்காங் பாலி பேர்ல.

ஒரே அளவீட்டுல பல கேள்விக்கு பதில் வந்துடும்ங்கறதால, நிஜமா மாத்தி மாத்தி வைக்க வேண்டிய செட்டிங் கொஞ்சம் கம்மி, ஒரு க்யூபிட்டுக்கு மூணு மூணா பெருக்கினா போதும். 6,561 வந்தது அப்படித்தான், மூணை எட்டு தடவை பெருக்கிப் பாருங்க. இருபது க்யூபிட்டுக்கு பெருக்கினா 348 கோடியே சொச்சம். ஒரு செட்டிங்குக்கு ஒரு செகண்டுன்னு வெச்சாலும் 110 வருஷம் ஆகும்.

சரி, இனிமே தான் மேட்டர். "குறைஞ்ச அளவீட்டுல ஸ்டேட்டை கண்டுபிடிச்சோம்"னு எங்கயாவது படிச்சீங்கன்னா உடனே கேக்க வேண்டியது, எது குறைஞ்சது? செட்டிங் குறைஞ்சதா, செலவான காப்பி குறைஞ்சதா, கம்ப்யூட்டர் ஓடுற நேரம் குறைஞ்சதா? மூணும் வேற வேற. நான் ரொம்ப நாள் மூணையும் ஒண்ணாவே நினைச்சு குழம்பிட்டு இருந்தேன், ஒரு பேப்பர்ல குறைஞ்சதுன்னு சொன்னது இன்னொண்ணுல ஏன் முடியாதுன்னு சொல்றாங்கன்னு மண்டை காய்ஞ்சது இதனாலதான்.

காப்பி கணக்குல ஒரு கறாரான எல்லை இருக்கு. எந்த ஸ்டேட்டா வேணா இருக்கலாம், அதை முழுசா கண்டுபிடிக்கணும்னா எவ்வளவு புத்திசாலித்தனமா அளந்தாலும், ஒரு க்யூபிட் கூடுறப்போ தேவைப்படுற காப்பி சுமார் நாலு மடங்கு ஆகும்னு 2016ல ரெண்டு குரூப் தனித்தனியா நிரூபிச்சாங்க. அதுவும் எல்லா காப்பியையும் ஒண்ணா வெச்சு சேர்த்து அளக்க முடிஞ்சா. ஒவ்வொண்ணா அளந்தா எட்டு மடங்கு. ஆக, ஓசியில தப்பிக்க வழி இல்ல. ஒண்ணு, ஸ்டேட்டை பத்தி முன்னாடியே ஏதாவது தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா முழுசா தெரிஞ்சுக்கணும்ங்கற ஆசையை விட்டுடணும்.

முதல் வழிக்கு வருவோம். லேப்ல யாரும் கண்டபடி ஒரு ஸ்டேட்டை உருவாக்குறது இல்ல, சத்தம் இல்லாத சுத்தமான ஸ்டேட்டைத்தான் உருவாக்க பாக்குறாங்க. ஸ்டேட்டை எழுதி வைக்கிற அட்டவணைக்கு டென்சிட்டி மேட்ரிக்ஸ்னு பேரு, எட்டு க்யூபிட்டுக்கு அது 256க்கு 256 கட்டம். சுத்தமான ஸ்டேட்டா இருந்தா அந்த அட்டவணையில உள்ள 65,535 நம்பரும் சுதந்திரமா இருக்காது, வெறும் 510 நம்பர் தெரிஞ்சா மத்ததெல்லாம் தானா வந்துடும். இதை ரேங்க் ஒண்ணுன்னு சொல்வாங்க, ரேங்க்னா அட்டவணையில மத்த வரிசைகள்ல இருந்து வரவழைக்க முடியாத வரிசை எத்தனைங்கற கணக்கு. எப்படி தானா வரும்னு ஒரு சின்ன அட்டவணையில காட்டறேன்:

2, 4, 6
3, ?, 9
5, ?, ?

ஒவ்வொரு வரிசையும் இன்னொரு வரிசையோட மடங்குதான்னு மட்டும் உங்களுக்கு சொல்லிட்டேன்னா? ரெண்டாவது வரிசை முதல் வரிசையோட ஒண்ணரை மடங்கு, அப்போ நடுவுல 6. மூணாவது ரெண்டரை மடங்கு, 10, 15. ஒன்பது கட்டத்துல ஆறு தெரிஞ்சு மூணை நிரப்பிட்டோம், இன்னும் சொல்லப்போனா அந்த 9ஐயும் நான் கொடுத்திருக்க வேணாம், அஞ்சே போதும்.

படம் பாக்குற வெப்சைட் "உங்களுக்கு இது பிடிக்கும்"னு சொல்றதுக்கு பின்னாடியும் இதே ஐடியாதான். லட்சக்கணக்கான பேர், ஆயிரக்கணக்கான படம், அட்டவணை பெரும்பாலும் காலி, ஆனா ரசனைங்கறது சில விதத்துக்குள்ளதான் அடங்கும்ங்கற நம்பிக்கையில காலி கட்டத்தை நிரப்பறாங்க. இந்த கணித உலகத்துக்கு கம்ப்ரெஸ்டு சென்சிங்னு பேரு, 2006 வாக்குல இமானுவேல் கான்டெஸ், ஜஸ்டின் ராம்பர்க், டெரன்ஸ் டாவ் ஒரு பக்கமும் டேவிட் டோனோஹோ ஒரு பக்கமும் இதை பெருசா கொண்டு வந்தாங்க, எம்ஆர்ஐ ஸ்கேன் நேரத்தை குறைக்கறதுக்கு கூட இது பயன்படுது.

2010ல டேவிட் கிராஸ், யி-காய் லியு, ஸ்டீவன் ஃப்ளாமியா, ஸ்டீபன் பெக்கர், யென்ஸ் ஐசர்ட் அஞ்சு பேரும் இதை குவாண்டம் ஸ்டேட்டுக்கு பொருத்திக் காட்டினாங்க. எல்லா பாலி கேள்வியையும் கேக்காதீங்க, குலுக்கல் முறையில கொஞ்சத்தை மட்டும் எடுத்து கேளுங்க, வந்த பதிலுக்கு ஒத்து வர்ற அட்டவணைகள்ல எது ரேங்க் கம்மியா இருக்கோ அதை எடுத்துக்கோங்க. ரேங்கை நேரடியா குறைக்கறது கம்ப்யூட்டருக்கு கஷ்டமான கணக்கு, அதனால டிரேஸ் நார்ம்னு அதுக்கு பதிலா ஒண்ணை குறைப்பாங்க, அது சுலபமான கணக்கு, பெரும்பாலும் அதே விடைக்குதான் கொண்டு போய் விடும்.

குலுக்கல்ல கொஞ்சத்தை மட்டும் கேட்டா எப்படி போதும்னு ஒரு சந்தேகம் வரணும். மேல காட்டின அட்டவணையில எட்டு கட்டம் பூஜ்யம், ஒரே ஒரு மூலையில மட்டும் 7ன்னு வைங்க. இதுவும் ரேங்க் ஒண்ணுதான். ஆனா அந்த மூலையை நேரா போய் பார்க்காத வரைக்கும் உங்களுக்கு எதுவுமே தெரியாது, அஞ்சு கட்டம் பார்த்தேன் எல்லாம் பூஜ்யம்னு வந்துடுவீங்க. இந்த சிக்கல் பாலி கேள்விகள்ல வராது, ஏன்னா ஒரு பாலி கேள்வி ஒரு மூலையை மட்டும் எட்டிப் பாக்குறது இல்ல, மொத்த இடத்தையும் சமமா ரெண்டா பிரிச்சு இந்தப் பாதியா அந்தப் பாதியான்னு கேக்குது. அதனால ரேங்க் கம்மியான எந்த ஸ்டேட்டும் ஒரு சில கேள்விக்குள்ள மட்டும் ஒளிஞ்சுக்க முடியாது, எங்க தோண்டினாலும் கொஞ்சம் தகவல் கிடைக்கும். எனக்கு அந்த பேப்பர்லயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். ஸ்டேட் நிஜமாவே சுத்தமாதான் இருக்கானு அதே டேட்டாவை வெச்சே சரிபார்க்கவும் வழி வெச்சிருக்காங்க, கண்ணை மூடிட்டு நம்ப வேண்டியது இல்ல.

ஆனா ஒண்ணு, இதை கேட்டுட்டு பிரச்சனை தீர்ந்துச்சுன்னு நினைக்க வேணாம். முன்னாடி ஒரு க்யூபிட் கூடினா கேள்வி நாலு மடங்கு ஆச்சு, இப்ப சுமார் ரெண்டு மடங்கு ஆகுது. எட்டு பத்து க்யூபிட்ல இது பெரிய லாபம், ஐம்பது க்யூபிட்ல இதுவும் கதைக்கு ஆகாது.

அதுக்கு இன்னும் கறாரான நம்பிக்கை வேணும். க்யூபிட்கள் ஒரு வரிசையா நின்னு, ஒவ்வொண்ணும் பெரும்பாலும் பக்கத்துல இருக்கறதோட மட்டும்தான் பின்னியிருக்குன்னா, பக்கத்து பக்கத்துல இருக்கற மூணு நாலு பேரை மட்டும் அளந்து, துண்டுகளை ஒட்டி முழுசையும் எடுத்துடலாம், வேலை க்யூபிட் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி மெதுவாத்தான் கூடும். இந்த மாதிரி ஸ்டேட்டை மேட்ரிக்ஸ் ப்ராடக்ட் ஸ்டேட்னு சொல்வாங்க. 2017ல இதே இன்ஸ்ப்ரூக்ல 14 அயனி வரைக்கும் இப்படி பண்ணாங்க. பின்னல் தூரம் தூரமா பரவிட்டா இந்த முறை படுத்துடும்.

இப்ப ரெண்டாவது வழி, என்னைக் கேட்டா இதுதான் நிஜமான திருப்பம். ஸ்டேட்டை முழுசா தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்? ஐம்பது க்யூபிட்டோட அட்டவணையை எழுதி வைக்கவே இடம் கிடையாது. நமக்கு தேவை இதோட எனர்ஜி என்ன, இந்த ரெண்டு க்யூபிட்டுக்கும் உறவு எப்படி, நான் நினைச்ச ஸ்டேட்டுக்கு எவ்வளவு பக்கத்துல இருக்குங்கற மாதிரி சில கேள்விக்கு பதில். அதை மட்டும் கேட்டா? ஸ்காட் ஆரன்சன் 2018ல இதை ஷேடோ டோமோகிராஃபின்னு பேர் வெச்சு, கேள்வி எவ்வளவு கூடினாலும் காப்பி ரொம்ப கம்மியா போதும்னு காட்டினார். ஆனா அவர் முறைக்கு எல்லா காப்பியையும் ஒண்ணா வெச்சு அளக்கணும், இப்ப இருக்கற மெஷினுக்கு அது ஆகாத காரியம். 2020ல சின்-யுவான் ஹுவாங், ரிச்சர்ட் குயெங், ஜான் பிரஸ்கில் மூணு பேரும் ஒவ்வொரு காப்பியா அளந்தே பண்ணக்கூடிய ஒரு முறையை கொடுத்தாங்க, கிளாசிக்கல் ஷேடோ. இது எவ்வளவு சிம்பிள்னா பேப்பர் பேனாவிலயே போட்டு பாக்கலாம்.

ஒரே ஒரு க்யூபிட், அது இசட் பக்கம் முழுசா சாய்ஞ்சிருக்கு, அதாவது உண்மையான விடை இசட் 1, எக்ஸ் 0, ஒய் 0. நமக்கு இது தெரியாதுன்னு வைங்க. ஒவ்வொரு காப்பிக்கும் பகடை உருட்டி எந்தப் பக்கம் அளக்கறதுன்னு முடிவு பண்றோம். ஆறு காப்பிக்கு இப்படி வந்துச்சு: இசட் பிளஸ், எக்ஸ் மைனஸ், ஒய் பிளஸ், எக்ஸ் பிளஸ், இசட் பிளஸ், ஒய் மைனஸ். இப்ப இசட் எவ்வளவுன்னு கேக்குறாங்க. இசட் பக்கம் அளந்த காப்பிக்கு பதிலை மூணால பெருக்கி எழுதறோம், மத்ததுக்கு பூஜ்யம். 3, 0, 0, 0, 3, 0. சராசரி 1. எக்ஸ் எவ்வளவு? 0, மைனஸ் 3, 0, 3, 0, 0. சராசரி 0. ஒய்யும் அப்படியே 0. விடை டக்குன்னு வந்துச்சு பாருங்க, ஆறுல இவ்வளவு கச்சிதமா வந்தது நான் எடுத்த உதாரணம் அப்படிங்கறதால, நிஜத்துல இன்னும் நிறைய காப்பி வேணும். மூணால ஏன் பெருக்கறோம்னா மூணுல ஒரு தடவைதான் சரியான பக்கம் அளக்கறோம், அதை ஈடுகட்டத்தான்.

ஒவ்வொரு பதிவையும் தனியா பார்த்தா அபத்தமா இருக்கும், மூணுங்கற மதிப்பு எந்த க்யூபிட்டுக்கும் கிடையாது. ஒரு பதிவு ஸ்டேட்டோட நிழல் மாதிரி, ஒரு பக்கத்துல இருந்து விழுந்த கோணல் நிழல், நிறைய சேர்ந்து சராசரி எடுத்தா கோணல் போயிடும்.

ரெண்டு க்யூபிட்டோட உறவை கேட்டா ரெண்டுமே சரியான பக்கம் அமையணும், ஒன்பதுல ஒரு தடவை, அதனால ஒன்பதால பெருக்கணும். இதோட பலம் இங்கதான் தெரியும். 50 க்யூபிட், எல்லா ஜோடிக்கும் எல்லா உறவும் வேணும்னு வைங்க, 1,225 ஜோடி, ஒவ்வொண்ணுக்கும் ஒன்பது விதம், மொத்தம் 11,025 கேள்வி. ஒவ்வொரு கேள்வியா 1000 தடவை அளந்தா ஒரு கோடிக்கும் மேல காப்பி. கேள்விகளை கெட்டிக்காரத்தனமா குரூப் பண்ணினா குறையும், ஒத்துக்கறேன், ஆனா நிழல் முறையில குரூப் பண்ற தலைவலியே இல்ல. சும்மா 9000 காப்பியை பகடை உருட்டி அளந்து வெச்சுட்டா போதும், ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய 1000 பொருத்தமான பதிவு தானா அதுக்குள்ள இருக்கும், பிழை 0.03 கிட்ட. 11,025 கேள்வியில ஒண்ணு கூட ரொம்ப தப்பா போயிடக்கூடாதுன்னா இன்னும் கொஞ்சம் சேர்க்கணும், ஆனா அது லாகரிதமாத்தான் கூடும், கேள்வி பத்து மடங்கு ஆனா காப்பி பத்து மடங்கு ஆகாது. க்யூபிட் 50க்கு பதிலா 500 ஆனாலும் அந்த ஒன்பது ஒன்பதாவே இருக்கும்.

இன்னொரு சுகம், அளக்கறப்போ கேள்வி என்னன்னே தெரிஞ்சிருக்க வேணாம். இன்னைக்கு அளந்து ஃபைல்ல போட்டு வெச்சுட்டு அடுத்த வருஷம் புதுசா ஒரு கேள்வி தோணினாலும் அதே ஃபைலை திறந்து பதில் எடுத்துக்கலாம்.

எங்க அடி வாங்கும்னா, ஒரே கேள்விக்குள்ள நிறைய க்யூபிட் வந்தா. இருபது க்யூபிட்டையும் சேர்த்து கேக்கற ஒரு பாலி கேள்விக்கு 348 கோடியில ஒரு தடவைதான் எல்லாம் பொருந்தும், பழைய இடத்துக்கே வந்து நிக்கறோம். நான் நினைச்ச ஸ்டேட்டுக்கு எவ்வளவு பக்கம்ங்கற மாதிரி சில பெரிய கேள்விக்கு வேற வகை குலுக்கல் இருக்கு, க்யூபிட்களை ஒண்ணோட ஒண்ணு கலக்கிட்டு அப்புறம் அளக்கறது, கணக்குப்படி அருமையா வேலை செய்யும், ஆனா கலக்கறதுக்கே நீளமான சர்க்யூட் வேணும், அதாவது க்யூபிட்கள் மேல ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிறைய செயல் செய்யணும், அதுலயே சத்தம் ஏறிடும்.

அந்த பெரிய பாலி கேள்விகளுக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கு, ரெண்டு காப்பியை ஒரே நேரத்துல கையில வெச்சுக்க முடிஞ்சா. எக்ஸையும் இசட்டையும் ஒரே க்யூபிட்ல ஒண்ணா அளக்க முடியாது, அது தெரிஞ்சதுதான். ஆனா ரெண்டு காப்பி மேல "ரெண்டோட எக்ஸ் பெருக்கல்", "ரெண்டோட இசட் பெருக்கல்"னு கேட்டா அது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது, சேர்த்தே அளக்கலாம். மேல பெல் ஸ்டேட் சொன்னேன்ல, அதே பெல் அளவீடுதான். அப்படி அளந்தா இருக்கற எல்லா பாலி கேள்விக்கும் பதிலோட வர்க்கம் ஒரே டேட்டாவுல இருந்து வந்துடும், தேவையான காப்பி க்யூபிட் எண்ணிக்கைக்கு ஏத்த அளவுலதான். வர்க்கம்ங்கறதால பிளஸ்ஸா மைனஸான்னு தெரியாது, அதை தனியா கண்டுபிடிக்கணும். இந்த ரெட்டை காப்பி வித்தையை கூகுளோட சூப்பர்கண்டக்டிங் சிப்ல 40 க்யூபிட் வரைக்கும் வெச்சு, இருபது இருபதா ரெண்டு பக்கமா பிரிச்சு செஞ்சு பார்த்து 2022ல பேப்பரா போட்டாங்க, காப்பியை ஒவ்வொண்ணா அளக்கறவங்களுக்கு இதே வேலைக்கு க்யூபிட் கூடக்கூட மடங்கு மடங்கா காப்பி வேணும்ங்கறதையும் அதுலயே நிரூபிச்சிருக்காங்க.